பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னால்

அந்தப் பெட்டியை இப்படி நட்டுக்குத்தலாக வைக்காதே மக்ளே. மடியில் படுக்கப் போடு. ஆங், அப்படித்தான். மணவாளக்குறிச்சி தாண்டினால் ரோடு மோசம், பஸ் தூக்கித் தூக்கிப் போடும். உள்ளே சி.டி. தட்டு சுழலுகிற இடத்துக்குக் கீழே கண் மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. அதுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிறகு அந்தப் பெட்டிக்குத் தட்டைப் படிக்கத் தெரியாது.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிற பொம்பளைக்குக் கேம் பெட்டியைப் பற்றி என்ன தெரியும் என்றுதானே? அட்டையில் இருக்கிற படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் இருந்ததும் இதேதான். வெள்ளைப் பெட்டி, கையில் ஒரு குச்சி. குச்சியை வீசினால் டிவிக்குள் நிற்கிற பொம்மையும் வீசும். சரிதானே?

நீயே விளையாடுகிறதுக்கா? நல்லது. மாப்பிள்ளை துபாயில் இருந்தால் உனக்குப் பொழுது போகவேண்டாமா. ரிப்பேருக்கா கொண்டு போகிறாய்? ஓ, மோட் பண்ணவா. தட்டு போடாமலே விளையாட்டு ஓடுகிற மாதிரி மாற்றுகிறது. எனக்குத் தெரியும் மக்ளே. நான் எட்டாம் வகுப்புதான், ஆனால் இது தெரியும். எந்தக் கடை?

செட்டிகுளத்திலா. மாடியிலா. கீழே பேக்கரி இருக்குமே, அதுக்கு மேலேயா?

ஜெனிஷ் கடைக்கா போகிறாய்.

சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒருத்தன் பிழைப்பைக் கெடுக்கிறது பாவம். கொஞ்சம் பொறு, தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். இல்லை, அது இல்லை, அந்த நீல மூடி போட்ட பாட்டில் தீர்த்தம். கோட்டாறு கோயிலில் மந்திரித்தது. இதுதான் குடிக்கிற தண்ணீர்.

சொல்லத்தான் வேண்டும் மக்ளே. சொல்லாமல் உன்னை அனுப்பினால் எனக்கு இன்றைக்கு ஜெபத்தில் மனசு நிற்காது. அந்தக் கடைக்காரனிடம்தான் நான் என் மகளைப் பறிகொடுத்தேன். அதுவும் இந்த மாதிரி ஒரு பெட்டியால்.

என் பேர் அமலோற்பவம். குளச்சலில் வீடு. எங்கள் வீட்டுக்காரர் தோபியாஸ், விசைப்படகு ஓட்டினவர். கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் காப்பி குடித்துக்கொண்டு இருந்தவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. கை போச்சு, கால் கொஞ்சம் இழுக்கும், பேச்சும் போச்சு. பேச்சு என்றால் ‘ம்ம்’, ‘ஆ’ அவ்வளவுதான். ஆனால் புத்தி தெளிவு. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருப்பார்.

என் மகன் ஜோபின் கப்பலில் வேலை பார்க்கிறான். அப்பாவுக்கு இப்படி ஆனதும் சிங்கப்பூரில் இறங்கி இந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தான். எனக்கு எரிச்சல். மனுஷன் படுத்துக்கிடக்கிறார், விளையாட்டுச் சாமானா கொண்டு வருகிறாய் என்று கேட்டேன். அவன் குச்சியை அப்பா கையில் வைத்து, நழுவாமல் பட்டியைக் கட்டி, மீன் பிடிக்கிற விளையாட்டைப் போட்டான். தூண்டிலை வீசவேண்டும். கையைத் தூக்கினால்தான் தூண்டில் போகும்.

அவர் கை தூக்கினார் மக்ளே. முதலில் இத்தனூண்டு. பிறகு முழங்கை வரைக்கும். மழை தொடங்குகிறதுக்கு முன்னால் தோளுக்குக் கை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை பார்த்துவிட்டு, இதை விடாமல் செய்யுங்கள் அம்மா, இதுதான் மருந்து என்று சொன்னது. ஆயுசு முழுக்க மீன் பிடித்த மனுஷன், முன்னறையில் உட்கார்ந்து டிவிக்குள் மீன் பிடித்து, அது நழுவிப் போனால் கெட்ட வார்த்தை சொல்ல வாயைத் திறப்பார். வார்த்தை வராது. எங்களுக்கு எந்த வார்த்தை என்று தெரியும், சிரிப்போம்.

மருந்து ஆஸ்பத்திரியுடையது, பெட்டி மகன் வாங்கியது, ஆனால் சுகம் தருகிறது மாதா. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதனால் தினமும் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் தீர்த்தத்தில் கொஞ்சம் மந்திரித்த உப்பையும் கரைத்து அவர் கையில் தெளிப்பேன். பிறகு அந்தக் குச்சியில். பிறகு பெட்டியில். பெட்டிக்குத் தட்டுப் போடுகிற வாய் இருக்கிறது அல்லவா, அதில் மூன்று சொட்டு விடுவேன். பிதாவுக்கு ஒன்று, சுதனுக்கு ஒன்று, பரிசுத்த ஆவிக்கு ஒன்று. ஒரு நாளும் தவறினது இல்லை. காய்ச்சலில் கிடந்த அன்றைக்கும் எழுந்து வந்து விட்டேன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டு இருந்த பெட்டி, மழைக்காலம் வந்ததும் தட்டைப் படிக்க மாட்டேன் என்றது. போட்டால் துப்பும். மறுபடி போட்டால் கிறுகிறு என்று சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். இவர் குச்சியைப் பிடித்துக்கொண்டு டிவியையே பார்த்துக்கொண்டு இருப்பார். நான் இன்னும் கூடுதலாகத் தீர்த்தம் விட ஆரம்பித்தேன்.

ஜோபின்தான் கப்பலில் இருந்து போன் பண்ணி, ஜெனிஷைக் கூப்பிடு அம்மா, அவன் பார்த்துக்கொள்வான் என்று சொன்னான். ஜெனிஷ் யார் என்று நினைக்கிறாய்? ஜோபினோடு முதல் வகுப்பில் இருந்து ஒன்றாகப் படித்தவன். தாய் இல்லாப் பிள்ளை. என் கையால் எத்தனை நாள் சோறு தின்றிருப்பான். மீன் முள்ளை எடுத்துக்கொடுத்து வளர்த்தேன் என்றே வைத்துக்கொள். அவனுக்கும் என் மகள் லிஜிக்கும் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்தது போலத்தான். ஜோபின் லீவுக்கு வந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கலாம் என்று இருந்தோம்.

அவன் வந்து பார்த்துவிட்டு, கண்ணாடி போய்விட்டது, புதிதாக மாட்டினாலும் நிற்காது, பேசாமல் மோட் பண்ணி நம்மிடம் உள்ள தட்டுகளை ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிடலாம், பிறகு தட்டே வேண்டாம் என்றான். கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அப்பா பார்க்கட்டும் என்று எங்கள் வீட்டு மேசையிலேயே வைத்துச் செய்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவனும் சலிக்காமல் சொன்னான். அப்படிப் படித்ததுதான் எல்லாம்.

நீ போனில் வீடியோ பார்த்து நீயே செய்யலாம் என்று நினைத்தாய், பிறகு பயம் வந்துவிட்டது, அதுதானே? பயப்படவேண்டாம், ஆனால் அவசரப்படக் கூடாது. முதலில் பெட்டியைத் திருப்பிப் பின்னால் நம்பர் பார். ஒரே மாதிரி இருக்கிற பெட்டியில் இரண்டு மூன்று வகை உண்டு, ஒன்றுக்குச் செய்கிறதை இன்னொன்றுக்குச் செய்தால் போச்சு. இரண்டாவது, பெட்டி நெட்டில் இருந்து ஏதாவது புதுப்பிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்து. அது பாசமாகக் கேட்கும், மயங்காதே. மூன்றாவது, உள்ளே எழுதுகிற நேரத்தில் கரண்டு போகக் கூடாது. நாங்கள் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரில் இருந்து ஒயர் இழுத்தோம். இந்த வேலைக்கு வேண்டிய சாமானெல்லாம் நெட்டில் சும்மா கிடைக்கிறதுதான், அதுக்குத் தனியாகக் காசு கேட்கிறவன் கள்ளன் என்று ஜெனிஷே சொல்லுவான். பார்த்துக்கொள், கள்ளனைப் பற்றி அவன் சொல்லுகிறான்.

எல்லாவற்றுக்கும் முதலில் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பெட்டிக்குள் இப்போது இருக்கிறது இருக்கிறபடியே ஒரு நகல் எடுத்து வெளியே வைத்துவிடு. பிறகு என்ன கெட்டாலும் அந்த நகலை வைத்துப் பழையபடி ஆக்கலாம். ஜெனிஷ் அதைத்தான் முதலில் செய்தான். இவர் பிடித்த மீன் கணக்குகூட அதில் இருந்தது. மனுஷருக்கு இப்படி ஒரு வசதி இல்லாமல் போச்சே மக்ளே.

நகல் எடுத்தாச்சு. பிறகு மெமரி கார்டைச் சொருகி வேலையைத் தொடங்கினான். டிவியில் எழுத்து எழுத்தாக ஓடியது. நான் அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு இருந்தேன். நடுவில் டப்பென்று கறுத்துவிட்டது. அவ்வளவுதான். விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை.

நான் கேட்டேன், “மக்கா, நீ ஏதும் தப்பா அமுக்கினியா?”

“இல்லம்மா. நான் சரியாத்தான் செய்தேன்.”

இதை ஞாபகம் வைத்துக்கொள் மக்ளே. என்னிடம் அவன் சொன்ன வார்த்தை இது. சரியாகத்தான் செய்தேன் என்று சொன்னான்.

பிறகு மூன்று இதழ் மாதிரி நுனி உள்ள ஒரு ஸ்குரு டிரைவர் எடுத்தான். சாதாரணமானது அந்தத் திருகுக்கு ஏறாது. பெட்டியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். தட்டு வாய்க்குக் கீழே, அந்தப் பச்சைப் பலகை மேலெல்லாம், வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது, படகு ஆணியில் களிம்பு பூக்குமே, அதுபோல.

“அம்மா, இதுல எப்பவாவது தண்ணி பட்டுதா?”

எனக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்க நான் விடமாட்டேன். எத்தனை பேரைச் சத்தம் போட்டிருக்கிறேன். அதைத்தான் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு டிவி மேல் இருக்கிற மாதா சுரூபத்தைப் பார்த்தான். பக்கத்தில் தீர்த்த பாட்டில் இருந்தது, அதையும் பார்த்தான். ஜெபம் பண்ணுகிறான் போல என்று நினைத்தேன். அப்போதும் அவனை நான் நல்லவனாகத்தான் நினைத்தேன், பார்.

லிஜி காப்பி கொண்டு வந்தாள். அவன் பெட்டியை என் கண்ணுக்குத் தெரியாமல் சுவர்ப்பக்கம் திருப்பி அவளுக்கு எதையோ காட்டினான். இரண்டு பேரும் மெதுவாக என்னமோ பேசினார்கள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. முதலில் சிரிக்கப்போகிறவள் மாதிரி இருந்தது, பிறகு கண் நிறைந்துவிட்டது. காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பெட்டி கெட்டதுக்கு அழுகிறாள் என்று நினைத்தேன். கண்ணாலேயே பேசி முடித்துக்கொண்டார்கள் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

மறுநாள் ஜோபின் கூப்பிட்டான். கப்பலில் இருக்கிறவனுக்குக் கோபம் வந்தால் தாங்காது, போய் முட்டிக்கொள்ள இடம் இல்லையே. யார் கெடுத்தது, யார் கெடுத்தது என்று ஒரே கத்து. அப்பா கை தூக்கினதை வீடியோ எடுத்து அனுப்பு அம்மா என்று வாரா வாரம் கேட்கிறவன் அவன். நான் சொல்ல வாயெடுக்கும்போது, பெட்டியைப் பார்க்க மறுபடி வந்திருந்த ஜெனிஷ் போனை வாங்கினான். ஸ்பீக்கரில் இருந்தது, நான் என் காதால் கேட்டேன்.

“எனக்க தப்புதான்டா. ஒரு இடத்துல மாத்தி அமுக்கிட்டேன். வேற யாரையும் ஒண்ணும் சொல்லாத.”

கேட்டியா? என்னிடம் சரியாகச் செய்தேன். மகனிடம் தப்பாகச் செய்தேன். ஒரே வாய், ஒரு ராத்திரிதான் இடையில். பெட்டி போனதுகூட எனக்குப் பெரிதில்லை மக்ளே. என் சோற்றைத் தின்ற பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டானே. ஜோபின் அதோடு அவனிடம் பேசுகிறதை விட்டுவிட்டான். முதல் வகுப்புச் சிநேகிதம், போனிலேயே முடிந்தது. ஜெனிஷ் போனைத் தந்துவிட்டு, அம்மா கஞ்சி இருக்கா என்று கேட்டான். எப்படித் துணிச்சல்.

அதுக்குமேல் ஒன்று செய்தான் பார். கொஞ்ச நாள் கழித்துக் கடையில் இருந்து வேறொரு பெட்டி கொண்டு வந்தான், பழசுதான், ஆனால் மோட் பண்ணி, அந்த நகலில் இருந்ததெல்லாம் ஏற்றி, இவர் பிடித்த மீன்கூட அப்படியே இருந்தது. காசு வேண்டாம் என்றான். ஆனால் எப்படிக் கொண்டு வந்தான் தெரியுமா? நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு கூண்டுக்குள் வைத்து, பின்பக்கம் மட்டும் காற்றுப் போக ஓட்டை. அதைச் சுவரில் என் கை எட்டாத உயரத்தில் மாட்டவேண்டுமாம். பூட்டு வேறு. தூசி படக் கூடாது அம்மா என்றான்.

எங்கள் வீட்டுச் சாமானை எங்கள் வீட்டிலேயே நான் தொடக்கூடாதாம். அப்போ ஜெபம் முடிந்து நான் எங்கே போய்த் தெளிக்கிறது, கண்ணாடி மேலா? மாதாவுக்கு எட்டாத பெட்டி எனக்கு எதற்கு. எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். இவர் ‘ஆ, ஆ’ என்று சத்தம் போட்டு அழுதார். நல்ல கையால் தீர்த்த பாட்டிலைக் காட்டிக் காட்டித் தலையை ஆட்டினார். அவருக்கும் அப்படி நெஞ்சு வலித்திருக்கிறது. நான் பாட்டிலை எடுத்து அவர் நெற்றியில் சிலுவை போட்டேன். இன்னும் சத்தம் கூடினது. இப்போதும் அந்தப் பாட்டிலைப் பார்த்தால் கை காட்டுவார். பேச்சு போன பிறகுதான் மனுஷனுக்கு இவ்வளவு பக்தி வந்தது.

இல்லை மக்ளே. கை இப்போது மடியிலேயேதான் கிடக்கிறது.

லிஜியிடம் சொல்லிவிட்டேன், இரண்டு நாக்கு உள்ளவன் வீட்டுக்கு என் பிள்ளை போக வேண்டாம் என்று. அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது, சின்ன வயசில் இருந்து. அன்றைக்கு என் முன்னால் வந்து நின்றாள்.

“அம்மா, அவரு பொய் சொன்னது யாருக்காகன்னு தெரிஞ்சா நீ தாங்கமாட்ட.”

யாருக்காக என்று கேட்டேன். வாயைத் திறந்தாள். தீர்த்த பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, ஒண்ணும் இல்ல போ என்று சொல்லி என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ராத்திரி ஜெபத்தில்தான் எனக்கு வெளிச்சம் கிடைத்தது. அவன் தண்ணீர் பட்டதா என்று கேட்டான் அல்லவா? எங்கள் வீட்டில் தினமும் தரை துடைக்கிறது யார்? லிஜி. துணியை முக்கிப் பிழியாமல் உதறுகிற பழக்கம் அவளுக்கு உண்டு, நூறு தடவை சொல்லியிருக்கிறேன். பெட்டி இருந்ததும் தாழ்ந்த ஸ்டாண்டில்தான். அவள்தான் நனைத்திருக்கிறாள். அவளைக் காப்பாற்ற இவன் பழியைத் தலையில் போட்டுக்கொண்டான். இரண்டு பேரும் சேர்ந்து பெற்றவளிடம் மறைத்துவிட்டார்கள். யாருக்காகப் பொய் சொன்னான் என்றால் அவளுக்காக. அதைத்தான் நான் தாங்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

சரிதானே மக்ளே? வேறு யார் இருக்கிறார்கள் அந்த வீட்டில்? இவர் படுக்கையில். ஜோபின் கடலில். பிறகு நான்.

ஏன் அந்தத் தீர்த்த பாட்டிலையே பார்க்கிறாய்?

இரண்டு பேரும் கோயிலில்தான் கட்டிக்கொண்டார்கள். நான் போகவில்லை. இவரை மட்டும் ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவரும் சந்தோஷமாகப் போனார், பார்த்துக்கொள். இப்போது லிஜிக்குப் பிள்ளை உண்டாகி மாசம் ஆகிவிட்டது. கடையில் அவள்தான் கவுண்டரில் உட்காருகிறாள். தலைப்பிள்ளை. தாய் வீட்டுக்குத்தானே வரவேண்டும். வா என்று நான் இன்னும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன், அதில் ஒன்றும் இல்லை. பெற்ற வயிறு மன்னிக்காமல் இருக்குமா. அவள் வந்து, நான்தான் அம்மா நனைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவேன். ஆள்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். அழுதாளாம். ஆனால் அதைச் சொல்லமாட்டேன் என்கிறாளாம். அவ்வளவு அழுத்தம்.

செவ்வாய்க்கிழமை தோறும் கோட்டாறுக்கு வந்து அவளுக்காகத்தான் ஜெபிக்கிறேன். போகும்போதும் வரும்போதும் வண்டி அந்த பேக்கரி முன்னால்தான் நிற்கும். நான் மாடியைப் பார்க்கமாட்டேன். ஜன்னல் பச்சை பெயிண்ட், இப்போது புதுசாக அடித்திருக்கிறார்கள்.

நீ போ, போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை தெரிந்தவன்தான் அவன். நகல் எடுத்தாயா என்று முதலில் கேள். கண் முன்னால் வைத்துச் செய்யச் சொல்லு. அவ்வளவுதான்.

பெட்டியை இப்படிக் காட்டு. அட்டையைத் திற. மூன்றே சொட்டு, ஒரு கெடுதலும் வராது. அந்த வாய் எந்தப் பக்கம் இருக்கிறது? உள்ளே இறங்கினால்தான் பலன். ஏன் அந்தப் பக்கம் இழுக்கிறாய்? ஜெபத்தை யாராவது வேண்டாம் என்பார்களா. உன் முகம் என்ன இப்படி ஆகிறது மக்ளே? சிரிக்கிறாயா அழுகிறாயா? அன்றைக்கு லிஜிக்கும் இப்படித்தான்.

சரி சரி, திறக்கவேண்டாம். மேலேயே தெளிக்கிறேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே. கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டது, வண்டி ஆடுகிறது. துடைக்காதே, தானாகக் காயட்டும்.

செட்டிகுளம் வந்துவிட்டது. பார்த்து இறங்கு. கவுண்டரில் வயிறும் பிள்ளையுமாக ஒருத்தி இருப்பாள், அட்டையில் ஈரத்தைப் பார்த்தால் யார் என்று கேட்பாள். என் பேரைச் சொல்லவேண்டாம். பஸ்ஸில் ஒரு அம்மா தெளித்தாள் என்று மட்டும் சொல்லு. அவளுக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று மக்ளே. நான் இந்த வண்டி போய் நிற்கிற பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கோட்டாறு வண்டிக்கு நிற்பேன். அவள் கேட்டால் மட்டும் சொல்லு. ஒரு வண்டி போனால் போகட்டும், அடுத்த வண்டியில்தான் ஏறுவேன் என்று சொல்லு.